அலுவலக மருத்துவக் காப்பீடும் ஓய்வுக்காலச் சேமிப்பும்: ஆண்டுத் தேர்வின்போது அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தனியார் நிறுவனங்களில் வேலை செய்பவர்களுக்கு ஆண்டுதோறும் மனிதவளப் பிரிவிலிருந்து ஒரு மின்னஞ்சல் வருகிறது. குழு மருத்துவக் காப்பீடு புதுப்பிக்கப்படுகிறது, பெற்றோரைச் சேர்க்கிறீர்களா, டாப்-அப் (கூடுதல் காப்பீடு) வேண்டுமா, பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) பிடித்தத்தைக் கூட்ட வேண்டுமா, என்.பி.எஸ். (தேசிய ஓய்வூதியத் திட்டம்) தேவையா, இன்ன தேதிக்குள் இணையதளத்தில் பதிவு செய்யவும் என்று அதில் இருக்கும். பலர் கடைசி நாள் மாலையில் போன ஆண்டுத் தேர்வையே மறுபடி அழுத்திவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுகிறார்கள். அந்த மின்னஞ்சலைக் கையில் வைத்துக்கொண்டு மக்கள் கேட்கும் கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் இங்கே தரப்பட்டுள்ளன. எந்தச் சலுகையையும் எடைபோட எங்களுக்கு ஒரே ஒரு அளவுகோல்தான் பயன்பட்டிருக்கிறது: இந்த வேலை இல்லாமல் போனால் அது நம்முடன் வருமா, அலுவலகத்திலேயே தங்கிவிடுமா?

தேர்வுக் காலம் எப்போது வரும்? ஒன்றும் செய்யாமல் விட்டால் என்ன ஆகும்?

ஒரே காலம் என்று சொல்லப்பட்டாலும் உண்மையில் இவை இரண்டு. மருத்துவக் காப்பீட்டுக்கான தேர்வு, நிறுவனத்தின் குழு பாலிசி புதுப்பிக்கப்படும் மாதத்தை ஒட்டி வரும். அது ஏப்ரலாகவும் இருக்கலாம், அக்டோபராகவும் இருக்கலாம். சம்பளக் கட்டமைப்பு, விருப்ப பி.எஃப்., என்.பி.எஸ்., பழைய வரி முறையா புதிய வரி முறையா என்பவை நிதியாண்டு தொடங்கும் ஏப்ரலில் கேட்கப்படும். சில நிறுவனங்கள் இரண்டையும் சேர்த்தே நடத்துகின்றன.

ஒன்றும் செய்யாமல் விட்டால் அடிப்படைக் காப்பீடு பெரும்பாலும் தானாகவே தொடரும். ஆனால் நீங்கள் பணம் கட்டிச் சேர்க்க வேண்டிய பெற்றோர் காப்பீடும் டாப்-அப்பும் ஒவ்வொரு ஆண்டும் புதிதாகச் சம்மதம் தந்தால்தான் தொடரும் என்று வைத்திருக்கும் நிறுவனங்கள் உண்டு. மாறாக, போன ஆண்டின் தேர்வு முன்கூட்டியே டிக் செய்யப்பட்டு, நீக்காவிட்டால் சம்பளத்தில் பிடித்துவிடும் நிறுவனங்களும் உண்டு. உங்கள் நிறுவனம் எந்த வகை என்பதை அந்த மின்னஞ்சலின் கடைசிப் பத்திக்குள் எங்கோ எழுதியிருப்பார்கள். முதலில் படிக்க வேண்டியது அதைத்தான்.

அலுவலகத்தில் 5 லட்சம் ரூபாய்க்குக் காப்பீடு இருக்கிறது. அது போதாதா?

தொகையைவிட, அந்தத் தொகையைச் சுற்றி எழுதப்பட்டிருக்கும் வரம்புகளே பெரும்பாலும் பில்லைத் தீர்மானிக்கின்றன. அவற்றில் மிகவும் கவனிக்கப்படாதது அறை வாடகை வரம்பு. காப்பீட்டுத் தொகையில் 1 சதவீதம் என்று பாலிசியில் இருந்தால், 5 லட்சத்துக்கு ஒரு நாள் அறை வாடகை 5,000 ரூபாய். மருத்துவமனையில் 5,000 ரூபாய் அறை காலியில்லை, 8,000 ரூபாய் அறைதான் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நான்கு நாளுக்கு வித்தியாசம் 12,000 ரூபாய்தானே, அதைக் கையிலிருந்து கட்டிவிடலாம் என்றுதான் யாருக்கும் தோன்றும். கணக்கு அப்படி நடப்பதில்லை.

அறை வாடகை 32,000, அறுவைச் சிகிச்சைக் கூடம், மருத்துவர், செவிலியர் கட்டணங்கள் சேர்ந்து 2,40,000, மருந்துகளும் உடலில் பொருத்தும் கருவிகளும் 80,000, ஆக மொத்தம் 3,52,000 ரூபாய் பில் வருகிறது. நீங்கள் தகுதி பெற்ற அறைக்கும் எடுத்த அறைக்கும் உள்ள விகிதம் எட்டில் ஐந்து. இந்த விகிதத்தைக் காப்பீட்டு நிறுவனம் அறை வாடகையோடு நிறுத்தாமல், அறையின் தரத்தைப் பொறுத்து மாறும் மற்றக் கட்டணங்களுக்கும் பொருத்துகிறது. எனவே வாடகையில் 20,000, கட்டணங்களில் 1,50,000, மருந்து, கருவிகளுக்கு வழக்கமாக இந்தக் குறைப்பு இல்லை என்பதால் முழு 80,000, ஆக 2,50,000 ரூபாய்தான் கிடைக்கும். மீதி 1,02,000 ரூபாய் உங்கள் பொறுப்பு. பாலிசித் தொகையில் பாதி இன்னும் செலவாகாமலே இருக்கிறது என்பதுதான் இதில் வேடிக்கை.

ஆகவே ‘5 லட்சமா, 7 லட்சமா’ என்பதற்கு முன்னால், அறை வாடகைக்கு வரம்பு உண்டா, உண்டென்றால் ரூபாயிலா, ‘தனி அறை’ என்று வகையிலா என்று கேளுங்கள். தொகையை உயர்த்தும் வாய்ப்பு இருந்தால் அறை வாடகை வரம்பும் சேர்ந்து உயருமா என்றும் கேளுங்கள். கண்புரை, பிரசவம் போன்றவற்றுக்குத் தனி உச்சவரம்பு இருக்கும். குடும்பத்தில் அந்த ஆண்டில் எது வரக்கூடும் என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

குழு பாலிசியில் இவ்வளவு குறை இருந்தால் ஏன் அதை எடுக்க வேண்டும்?

ஏனென்றால், தனிநபர் பாலிசி எளிதில் தராத ஒன்றை அது தருகிறது. வழக்கமான அலுவலகக் குழு பாலிசியில் மருத்துவப் பரிசோதனை கிடையாது. சர்க்கரை, இரத்த அழுத்தம், இதயக் கோளாறு என்று முன்பே இருக்கும் நோய்களுக்கும் முதல் நாளிலிருந்தே காப்பீடு உண்டு. பிரசவத்துக்குக் காத்திருப்புக் காலம் பெரும்பாலும் இல்லை. பிறந்த குழந்தை முதல் நாளிலிருந்தே சேரும். கடையில் வாங்கும் பாலிசியில் முன்பே இருக்கும் நோய்களுக்குக் காத்திருப்புக் காலம் 3 ஆண்டுகள் வரை இருக்கலாம். 2024 ஏப்ரலுக்கு முன் அது 4 ஆண்டுகளாக இருந்தது.

அப்பா, அம்மாவை அலுவலகப் பாலிசியில் சேர்க்கலாமா, தனியாக வாங்கலாமா?

இந்தப் பக்கத்திலேயே அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. பிரீமியத்தைப் பார்த்ததும் மலைப்பு வருவதும் இங்கேதான். அறுபதைத் தாண்டிய இருவருக்கு நிறுவனங்கள் கேட்கும் தொகை ஒரு மாதச் சம்பளத்தில் கணிசமான பங்கை எடுத்துக்கொள்ளும். அதற்கு மேல் 10 அல்லது 20 சதவீத கோ-பே, அதாவது ஒவ்வொரு கிளெய்மிலும் அந்தப் பங்கை நீங்களே கட்ட வேண்டும் என்ற நிபந்தனையும் இருக்கும்.

பெற்றோருக்கு ஏற்கெனவே நோய் இருந்தால், சேர்த்துவிடுங்கள் என்பதே எங்கள் கருத்து. முதல் நாளிலிருந்து காப்பீடு கிடைக்கும் வேறு வழி சந்தையில் அரிது. ஆனால் அதோடு நிறுத்திவிடக் கூடாது. அதே ஆண்டிலேயே அவர்கள் பெயரில் சிறிய தொகைக்காவது ஒரு தனிநபர் பாலிசியைத் தொடங்கிவிட வேண்டும். அலுவலகக் காப்பீடு இன்றைய செலவைப் பார்த்துக்கொள்ளும். தனிநபர் பாலிசியின் காத்திருப்புக் காலம் பின்னால் ஓடிக்கொண்டிருக்கும். மூன்று ஆண்டுகள் கழித்து வேலை போனாலும், நீங்களே மாறினாலும், அந்தப் பாலிசி முழுப் பலத்துடன் நிற்கும். 60 மாதங்கள் தொடர்ந்து புதுப்பித்துவிட்டால், மோசடி நிரூபிக்கப்பட்டால் ஒழிய, நோயை மறைத்ததாகச் சொல்லி கிளெய்மை மறுக்க முடியாது என்பதும் இப்போதைய விதி. அதற்காக எதையும் மறைத்து எழுதலாம் என்று பொருள் இல்லை. விண்ணப்பத்தில் எல்லா நோய்களையும் எல்லா மாத்திரைகளையும் எழுதுங்கள்.

பெற்றோர் நல்ல உடல்நலத்துடன், ஐம்பதுகளில் இருந்தால் கணக்கு மாறுகிறது. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர், குடும்ப மருத்துவக் காப்பீட்டுப் பிரீமியத்துக்கு ஜி.எஸ்.டி. கிடையாது, குழு பாலிசிக்கு 18 சதவீதம் தொடர்கிறது. இணையதளத்தில் காட்டும் தொகை வரிக்கு முன்பா பின்பா என்று பார்த்துத்தான் ஒப்பிட வேண்டும். இன்னொரு வேறுபாடும் உண்டு. 60 வயதைத் தாண்டியவர்களின் தனிநபர் பாலிசிப் பிரீமியத்தை ஓராண்டில் 10 சதவீதத்துக்கு மேல் உயர்த்த வேண்டுமானால் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தை முன்கூட்டியே கலந்துகொள்ள வேண்டும் என்று 2025 ஜனவரியில் உத்தரவு வந்தது. குழு பாலிசிக்கு அந்தக் கடிவாளம் இல்லை. போன ஆண்டு அலுவலகத்தில் எல்லோருடைய பெற்றோரும் சேர்ந்து எவ்வளவு கிளெய்ம் செய்தார்கள் என்பதை வைத்து இந்த ஆண்டுப் பிரீமியம் பேசப்படுகிறது; உங்கள் அம்மா மருத்துவமனைப் பக்கமே போகாவிட்டாலும் பிரீமியம் ஏறும். நலமாக இருப்பவர்கள் விலகிக்கொள்ள, நோய் உள்ளவர்கள் மட்டும் மிஞ்ச, அடுத்த ஆண்டு இன்னும் ஏறும்.

அண்ணனும் தங்கையும் வெவ்வேறு நிறுவனங்களில் இருக்கிறோம். இருவருமே பெற்றோரைச் சேர்க்கலாமா?

சேர்க்கலாம், சட்டத் தடை எதுவும் இல்லை. ஒரு பாலிசியில் தொகை தீர்ந்த பிறகு மீதியை மற்றொன்றில் கோரலாம். ஆனால் இரண்டு பிரீமியமும் இரண்டு வேலைகளை நம்பியே நிற்கின்றன. எந்த நிறுவனத்தில் கோ-பே குறைவோ, அறை வாடகை வரம்பு தாராளமோ, அங்கே ஒருவர் சேர்த்துவிட்டு, மற்றவர் அதே பணத்தில் பெற்றோர் பெயரில் தனிப் பாலிசி எடுப்பது மேல். யார் கட்டுகிறார்கள் என்ற பேச்சு பொங்கலுக்குக் கூடும்போது எழாமல் இருக்க, பிரீமியத்தைப் பாதிப் பாதி பகிர்ந்துகொள்ளுங்கள்.

மாமனார், மாமியாரைப் பொறுத்தவரை, பல நிறுவனங்கள் பெற்றோர் அல்லது துணைவரின் பெற்றோர் என்று ஒரு இணையை மட்டுமே அனுமதிக்கின்றன. இங்கிருந்து ஒருவர், அங்கிருந்து ஒருவர் என்று கலக்க விடுவது குறைவு.

டாப்-அப், சூப்பர் டாப்-அப் இரண்டுக்கும் என்ன வேறுபாடு? அலுவலகம் தரும் டாப்-அப் மலிவாக இருக்கிறதே?

இரண்டிலும் ஒரு டிடக்டிபிள் தொகை உண்டு. அதைத் தாண்டிய செலவுக்குத்தான் பாலிசி பணம் தரும். சாதாரண டாப்-அப் அதை ஒவ்வொரு மருத்துவமனை அனுமதிக்கும் தனித்தனியாகப் பார்க்கும். சூப்பர் டாப்-அப் ஓராண்டின் செலவுகளைக் கூட்டிப் பார்க்கும். டிடக்டிபிள் 5 லட்சம். ஒரே ஆண்டில் ஒரு முறை 4 லட்சம், இன்னொரு முறை 3 லட்சம் செலவாகிறது என்றால், அலுவலகத்தின் 5 லட்சம் அடிப்படைக் காப்பீடு முதல் 5 லட்சத்தைத் தரும். மீதி 2 லட்சத்தைச் சூப்பர் டாப்-அப் தரும். எந்த அனுமதியும் தனியாக 5 லட்சத்தைத் தாண்டவில்லை என்பதால் சாதாரண டாப்-அப் ஒரு ரூபாயும் தராது.

அலுவலக டாப்-அப் மலிவானது, முன்பே இருக்கும் நோய்களுக்கும் உடனே பொருந்தக்கூடியது என்பது உண்மை. வேலையோடு முடிந்துவிடும் என்பதும் உண்மை. முப்பது வயதில், நோயில்லாமல் இருக்கும்போது, வெளியில் வாங்கும் சூப்பர் டாப்-அப்பும் அதிக விலை இல்லை, அது உங்களுடையது. அதையே நாங்கள் விரும்புவோம். ஆனால் அடிப்படைப் பாலிசி அலுவலகத்துடையதாக மட்டும் இருந்தால், வேலை இல்லாத மாதங்களில் அந்த முதல் 5 லட்சத்தைக் கையிலிருந்துதான் கட்ட வேண்டியிருக்கும் என்பதை மறக்கக் கூடாது.

அப்படியானால் எனக்கே தனியாக ஒரு பாலிசி வேண்டுமா?

வேண்டும். குழு காப்பீடு பெரும்பாலும் கடைசி வேலை நாளோடு நின்றுவிடுகிறது. ஆட்குறைப்பு நடக்கும் துறையில் இருப்பவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. நாற்பத்தைந்து வயதில் வேலையை இழந்த பிறகு, சர்க்கரையும் கொழுப்பும் சேர்ந்துகொண்ட உடலோடு முதல் பாலிசி கேட்டுப் போனால், கூடுதல் பிரீமியமோ மறுப்போ காத்திருக்கலாம்.

குழு பாலிசியிலிருந்து அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாறிக்கொள்ளும் வழி ஒன்று உண்டு. அதுவரை குழுவில் கழித்த காலம் காத்திருப்புக் காலத்தில் கழிக்கப்படும். ஆனால் நிறுவனம் உங்கள் உடல்நிலையைப் பரிசீலிக்கும் உரிமையுடன்தான் ஏற்கும். ராஜினாமாக் கடிதம் கொடுத்த நாளிலேயே இதற்கும் எழுதிவிட வேண்டும். விடைபெறும் நாளில் அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுத்த பிறகு நினைவுக்கு வந்தால் காலம் கடந்துவிடும்.

இரண்டும் இருக்கும்போது கிளெய்மை முதலில் அலுவலகப் பாலிசியில் கோருங்கள். உங்கள் பாலிசியில் கிளெய்ம் செய்யாத ஆண்டுகளுக்குச் சேரும் போனஸ் கலையாமல் இருக்கும்.

எனக்கு ஈ.எஸ்.ஐ. பிடிக்கிறார்கள். இந்தத் தேர்வெல்லாம் எனக்கும் உண்டா?

மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்களுக்குத் தொழிலாளர் அரசுக் காப்பீடான ஈ.எஸ்.ஐ. பொருந்தும், தொழிலாளி 0.75 சதவீதமும் நிறுவனம் 3.25 சதவீதமும் செலுத்துகின்றன. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத் தொழிற்சாலைகளில் ஒரே வளாகத்தில் ஒரு பகுதியினர் ஈ.எஸ்.ஐ.யிலும் மற்றவர்கள் குழு காப்பீட்டிலும் இருப்பதைக் காணலாம். ஈ.எஸ்.ஐ.யைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். சார்ந்து வாழும் பெற்றோருக்கும் அதில் மருத்துவம் உண்டு, சிகிச்சைச் செலவுக்கு உச்சவரம்பு இல்லை, சென்னை கே.கே. நகரில் மருத்துவக் கல்லூரியுடன் கூடிய மருத்துவமனையே இருக்கிறது.

கவனிக்க வேண்டியது சம்பள உயர்வு வரும்போதுதான். நடுவில் சம்பளம் 21,000 ரூபாயைத் தாண்டினாலும் அந்தப் பங்களிப்புக் காலம் முடியும்வரை, அதாவது செப்டம்பர் அல்லது மார்ச் இறுதிவரை, பங்களிப்பு தொடரும். அதன் பிறகு நிறுவனம் உங்களைக் குழு காப்பீட்டில் சேர்க்கிறதா, எந்தத் தேதியிலிருந்து, பெற்றோரையும் சேர்க்க வழி உண்டா என்று முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

பி.எஃப். கட்டாயப் பிடித்தம்தானே? அதில் தேர்வு செய்ய என்ன இருக்கிறது?

அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்த தொகையில் 12 சதவீதம் உங்களிடமிருந்தும், 12 சதவீதம் நிறுவனத்திடமிருந்தும் போக வேண்டும். சட்டத்தின் சம்பள வரம்பு 2014 செப்டம்பர் முதல் 15,000 ரூபாய் என்பதால், சில நிறுவனங்கள் 15,000க்கு மட்டும் கணக்கிட்டு 1,800 ரூபாய் கட்டும் வழியையும் வைத்திருக்கின்றன. முழு அடிப்படைச் சம்பளத்துக்கா, 1,800 ரூபாயா என்று ஏப்ரலில் கேட்டால், கைக்கு வரும் சம்பளம் கூடும் என்று 1,800ஐத் தேர்ந்தெடுப்பவர்கள் இளையவர்களில் நிறையப் பேர். நிறுவனத்தின் பங்கு வரியின்றிக் கணக்கில் சேர்வது; அதையே சம்பளமாக வாங்கினால் வரி போக மீதிதான். வீட்டுக் கடன் தவணை கழுத்தைப் பிடித்தால் ஒழிய முழுப் பிடித்தமே மேல்.

சம்பளச் சீட்டில் தெரியாத ஒரு பிரிவினை உண்டு. அடிப்படைச் சம்பளம் 40,000 என்றால் உங்கள் பங்கு 4,800, நிறுவனத்தின் பங்கும் 4,800. பிந்தையதில் 1,250 ரூபாய் ஓய்வூதியத் திட்டமான ஈ.பி.எஸ்.ஸுக்குப் போய், 3,550தான் பி.எஃப். கணக்கில் விழும். 2014 செப்டம்பர் 1க்குப் பிறகு, 15,000 ரூபாய்க்கு மேல் சம்பளத்தில், முதல்முறையாகச் சேர்ந்தவர்களுக்கு ஈ.பி.எஸ். கிடையாது, அவர்களுக்கு 4,800 முழுவதும் பி.எஃப்.தான். உங்கள் பி.எஃப். பாஸ்புக்கைத் திறந்து, ஓய்வூதியப் பங்கைக் காட்டும் மூன்றாவது பத்தியில் எண் இருக்கிறதா என்று பாருங்கள். இருக்கக் கூடாத இடத்தில் இருந்தாலும், இருக்க வேண்டிய இடத்தில் இல்லாவிட்டாலும், ஓய்வு பெறும்போது அல்ல, இப்போதே திருத்தக் கேளுங்கள்.

ஈ.பி.எஸ். ஓய்வூதியமே போதுமா?

சராசரிச் சம்பளத்தைப் பணியாண்டுகளால் பெருக்கி 70ஆல் வகுப்பதுதான் அதன் சூத்திரம். சம்பளம் 15,000க்கு மேல் எடுத்துக்கொள்ளப்படாது. 30 ஆண்டுகள் பணி, 20 ஆண்டைத் தாண்டியதற்காக 58 வயதில் 2 ஆண்டு கூடுதல் என்று 32 ஆண்டுகளுக்குக் கணக்கிட்டால் மாதம் 6,857 ரூபாய் வரும். இதை வைத்து யாரும் ஓய்வுக்காலத்தைத் திட்டமிட முடியாது. ஆனாலும் 10 ஆண்டுப் பணி இருந்தால்தான் அதுவும் கிடைக்கும் என்பதால், வேலை மாறும்போது பணத்தை எடுத்துவிடாமல் யு.ஏ.என். (வேலை மாறினாலும் மாறாத பி.எஃப். எண்) மூலம் மாற்றிக்கொள்வது அவசியம். ஐந்து ஆண்டுத் தொடர் பணிக்கு முன் பி.எஃப். பணத்தை எடுத்தால் வரியும் உண்டு.

விருப்ப பி.எஃப். (வி.பி.எஃப்.) கூட்டுவதா, அலுவலக என்.பி.எஸ்.ஸில் சேர்வதா?

இதற்குப் பதில் நீங்கள் எந்த வரி முறையில் இருக்கிறீர்கள் என்பதில் தொடங்குகிறது.

வி.பி.எஃப். என்பது 12 சதவீதத்துக்கு மேல் நீங்களாகவே பிடிக்கச் சொல்லும் தொகை. அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் எவ்வளவோ அவ்வளவு வரை போகலாம். நிறுவனம் இதற்கு ஈடாக எதுவும் போடாது. வட்டி பி.எஃப். வட்டியேதான், 2024-25க்கு அது 8.25 சதவீதம். ஓராண்டில் உங்கள் பங்கு, வி.பி.எஃப். உட்பட, 2.5 லட்சம் ரூபாயைத் தாண்டினால், தாண்டிய தொகையின் வட்டிக்கு வரி உண்டு. அடிப்படைச் சம்பளம் 40,000 ரூபாய் உள்ளவரின் கட்டாயப் பங்கு ஆண்டுக்கு 57,600. ஆகவே மாதம் சுமார் 16,000 ரூபாய் வரை வி.பி.எஃப்.புக்கு இடமிருக்கிறது. புதிய வரி முறையில் செலுத்தும் தொகைக்கு 80சி கழிவு (சேமிப்புக்கான வரிக் கழிவு) கிடையாது. ஆனாலும் இந்த வரம்புக்குள் வட்டி வரியற்றதாகவே இருக்கிறது. பத்திரமான, வட்டி வரியற்ற, 8 சதவீதத்துக்கு மேல் தரும் வேறொன்றைத் தேடிப் பிடிப்பது கடினம்.

அலுவலக என்.பி.எஸ். வேறு வகை. இதில் நிறுவனம் உங்கள் பெயரில் செலுத்தும் பங்குக்குப் புதிய வரி முறையிலும் கழிவு உண்டு. 2024-25 முதல் அடிப்படைச் சம்பளத்தில் 14 சதவீதம் வரை. பழைய முறையில் தனியார் ஊழியர்களுக்கு அது 10 சதவீதம்தான். அடிப்படைச் சம்பளம் 75,000 ரூபாய் என்றால் மாதம் 10,500, ஆண்டுக்கு 1,26,000. வரிக்கு உட்படும் வருமானம் 16 முதல் 20 லட்சம் அடுக்கில் இருந்தால் செஸ்ஸுடன் 20.8 சதவீதம் என்று சுமார் 26,000 ரூபாய் வரி குறையும். ‘நிறுவனம் செலுத்தும்’ என்றதும் கூடுதல் பணம் என்று மகிழ வேண்டாம். பெரும்பாலான நிறுவனங்களில் அது உங்கள் மொத்தச் சம்பளத் தொகுப்பிலிருந்தே பிரித்து எடுக்கப்படுவது. கைக்கு வருவது அந்த அளவு குறையும். பி.எஃப்., என்.பி.எஸ்., சூப்பர்ஆன்யுவேஷன் (நிறுவன ஓய்வூதிய நிதி) மூன்றிலும் சேர்த்து நிறுவனத்தின் பங்கு ஆண்டுக்கு 7.5 லட்சத்தைத் தாண்டினால் தாண்டியதற்கு வரி உண்டு.

என்.பி.எஸ். பங்குச் சந்தையோடு தொடர்புடையது; வட்டி உறுதி இல்லை. பணம் பெரும்பாலும் 60 வயது வரை பூட்டிக் கிடக்கும். இடையில் குறிப்பிட்ட காரணங்களுக்காக உங்கள் சொந்தப் பங்களிப்பில் 25 சதவீதம் வரைதான் எடுக்கலாம். முதிர்வில் ஒரு பகுதியைக் கொண்டு ஆன்யூட்டி, அதாவது மாதந்தோறும் ஓய்வூதியம் தரும் திட்டம், வாங்கியாக வேண்டும். நெடுங்காலம் 40 சதவீதமாக இருந்த அந்தக் கட்டாயம், 2025 டிசம்பரில் அரசு சாரா சந்தாதாரர்களுக்கு 20 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. ஆன்யூட்டியாக வரும் மாதத் தொகைக்கு வரி உண்டு.

எங்கள் கருத்தைக் கேட்டால், முப்பதுகளில் இருப்பவர், புதிய வரி முறையில், உயர்ந்த வரி அடுக்கில் இருந்தால் என்.பி.எஸ்.ஸை விடக் கூடாது. ஓய்வுக்குப் பத்து ஆண்டு இருப்பவர், அல்லது மகள் திருமணம், மகன் படிப்பு என்று இடையில் பணம் தேவைப்படக்கூடியவர், வி.பி.எஃப். பக்கம் சாய்வது நல்லது. இரண்டு கணக்குகளும் உங்கள் பெயரில், உங்கள் எண்ணில் இருப்பவை. வேலை மாறினாலும் கூடவே வரும். புதிய நிறுவனத்தில் என்.பி.எஸ். வசதி இல்லாவிட்டால் அந்த 14 சதவீதக் கழிவு நிற்கும், கணக்கு நிற்காது.

வி.பி.எஃப்.பைப் பல நிறுவனங்கள் ஏப்ரலில், அல்லது ஏப்ரலிலும் அக்டோபரிலும் மட்டுமே மாற்ற விடுகின்றன. அதனால் ஆண்டு முழுவதும் தாங்கக்கூடிய தொகையைச் சொல்லுங்கள்.

பெற்றோருக்குக் கட்டும் பிரீமியத்துக்கு வரிச் சலுகை உண்டா?

பழைய வரி முறையில் மட்டும் உண்டு: 60 வயதைத் தாண்டிய பெற்றோருக்கு 50,000 ரூபாய் வரை, உங்களுக்கும் துணைவர், குழந்தைகளுக்கும் 25,000 வரை. சம்பளத்தில் பிடித்த பெற்றோர் பிரீமியமும் இதில் சேரும். நிறுவனம் தன் பணத்தில் கட்டிய பகுதி சேராது. இது 80டி என்று பழகிய பிரிவு. 2026 ஏப்ரல் 1 முதல் 2025ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வருவதால் பிரிவு எண்கள் மாறுகின்றன. படிவத்தில் 80சி, 80டி என்று தேடிக் காணாவிட்டால் பதற வேண்டாம்.

பதிவு செய்த பிறகு சரிபார்க்க வேண்டியது என்ன?

பெயர்தான் முதலில். தமிழ்நாட்டில் பெயர்களில் முன்னெழுத்து இருப்பதால் இந்தச் சிக்கல் மற்ற மாநிலத்தவரைவிட நமக்கு அதிகம். ஆதாரில் தந்தை பெயர் விரிவாகவும், காப்பீட்டு அட்டையில் ஒற்றை எழுத்தாகவும், பி.எஃப். கணக்கில் அந்த எழுத்து முன்னும் பின்னும் மாறியும் இருக்கும். அம்மாவின் பிறந்த தேதி ஆதாரில் ஜனவரி 1 என்றும் இணையதளத்தில் வேறாகவும் இருக்கும். சாதாரண நாளில் இது யாருக்கும் தெரியாது. இரவு பதினொரு மணிக்கு மருத்துவமனையின் காப்பீட்டு மேசையில் அட்டையையும் ஆதாரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது தெரியும். கையிலிருந்து பணம் கட்டாமல் சிகிச்சை பெறும் கேஷ்லெஸ் கோரிக்கைக்கு ஒரு மணி நேரத்துக்குள்ளும், டிஸ்சார்ஜ் ஒப்புதலுக்கு மூன்று மணி நேரத்துக்குள்ளும் பதில் தர வேண்டும் என்று 2024இல் ஒழுங்குமுறை ஆணையம் விதித்திருக்கிறது. ஆனால் பெயர் பொருந்தாமல் விளக்கம் கேட்டால் அந்த வேகம் போய்விடும். அட்டை வந்த நாளிலேயே எல்லோருடையதையும் இறக்கிப் பாருங்கள். பெற்றோரின் கைபேசியிலும் ஒரு பிரதி இருக்கட்டும்.

அடுத்தது நியமனம், அதாவது உங்களுக்குப் பின் பணம் யாருக்குச் சேர வேண்டும் என்ற பதிவு. திருமணத்துக்கு முன் பி.எஃப்.பில் தாயையோ தந்தையையோ நியமித்திருந்தால், திருமணமானதும் அந்த நியமனம் செல்லாததாகிவிடும். புதிதாகச் செய்ய வேண்டும். பணியில் இருக்கும்போது இறந்தால் குடும்பத்துக்கு 7 லட்சம் ரூபாய் வரை தரும் ஈ.டி.எல்.ஐ. காப்பீடும் பி.எஃப். நியமனத்தையே பின்பற்றுகிறது. பணிக்கொடை, குழு ஆயுள் காப்பீடு, என்.பி.எஸ். ஆகியவற்றுக்குத் தனித்தனி நியமனம். ஒன்றில் மாற்றினால் மற்றதில் தானாக மாறாது.

தேதி தாண்டிவிட்டது. இனி என்ன செய்யலாம்?

ஆண்டின் நடுவில் திருமணமோ குழந்தைப் பிறப்போ நடந்தால் பெரும்பாலான நிறுவனங்கள் மறுபடி பதிவு செய்ய வாய்ப்புத் தருகின்றன. அதற்கும் 30 நாள் போன்ற ஒரு கெடு இருக்கும். குழந்தைக்குப் பெயர் வைக்கவில்லை என்று காத்திருக்க வேண்டாம், ‘இன்னாரின் குழந்தை’ என்றே முதலில் பதிவு செய்யலாமா என்று மனிதவளப் பிரிவிடம் கேளுங்கள். பெற்றோரை நடுவில் சேர்ப்பதற்கு வழி இருப்பது அரிது. ஒரு வாரம் தாண்டியிருந்தால் கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை. காப்பீட்டு நிறுவனத்துக்கு இறுதிப் பட்டியல் போகும்வரை சில மனிதவளப் பிரிவுகள் ஏற்பதுண்டு. மறுத்துவிட்டால் அடுத்த தேர்வுக் காலம்வரை காத்திருக்காமல் வெளியே தனிநபர் பாலிசிக்கு விண்ணப்பித்துவிடுங்கள். என்.பி.எஸ். கணக்கையும் எந்த மாதத்திலும் நீங்களாகவே தொடங்கலாம். நிறுவனப் பங்குக்கான கழிவு மட்டும் அடுத்த ஏப்ரலில் மனிதவளப் பிரிவு உங்கள் எண்ணை இணைத்த பிறகு கிடைக்கும்.